சித்திராபதியின் வீடு

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் போய் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அரியாங்குப்பம். ஊருக்குள் ஆரோக்கிய அன்னை ஆலயம். கிழக்கே, கடலை ஒட்டிய வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன். அம்மனின் ஆடித் தேருக்குப் பிரெஞ்சுக் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார். இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். அன்னை, அம்மன் என்று இரண்டு பேருமே தாய்கள். ஆனால் அன்னையின் கையில் இருப்பது ஆண் குழந்தை. அம்மனோ எல்லோருக்கும் ஆத்தா, தனியாக எந்தப் பெண்ணுக்கும் அம்மா இல்லை. தமிழகத்து மாரியம்மன் கோயில்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ரேணுகை கதையில்கூடத் தாயின் தலையை வெட்டுகிறவன் மகன்; அவள் உயிரை வரமாகக் கேட்டு வாங்குகிறவனும் மகன்தான். மகள் ஒருத்தி அந்தக் கதையில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

தாய்மைக்கு இவ்வளவு தேர் இழுக்கும் நாட்டில், ஒரு தாயும் அவள் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து வாழ்க்கையைப் பேசித் தீர்க்கும் கதை எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்தால் இருக்கிறது. இருக்கும் இடம்தான் விசித்திரம். அதற்குப் போகும் முன், இல்லாத இடங்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இல்லாமல் போனதற்கான காரணம் அங்கேதான் கிடக்கிறது.

மதுரையில் எழுகடல் தெரு என்று ஒன்று உண்டு. அதன் பின்னால் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் விரித்துச் சொல்லும் கதை இருக்கிறது. தடாதகைப் பிராட்டி பாண்டிய நாட்டை ஆள்கிறாள். திக்கெல்லாம் வென்றவள், சொக்கநாதரையே கணவராகப் பெற்றவள். அவள் தாய் காஞ்சனமாலைக்குக் கடலாட வேண்டும் என்று ஆசை. மகள் கணவனிடம் சொல்கிறாள். ஏழு கடலும் மதுரைக்கே வந்துவிடுகின்றன. கரையில் நின்ற பிறகுதான் சிக்கல் எழுகிறது. கணவன் கையையோ மகன் கையையோ பிடித்துக்கொண்டு முழுக வேண்டும், இரண்டும் இல்லாதவள் பசுங்கன்றின் வாலைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது விதி. காஞ்சனமாலை கைம்பெண், மகன் இல்லை. கடைசியில் இறந்துபோன மலயத்துவச பாண்டியனைச் சொர்க்கத்திலிருந்து இறக்கிக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

புராணம் இதை ஈசனின் கருணைக்குச் சான்றாகச் சொல்கிறது. என் கண்ணில் படுவது அந்தப் பட்டியல். கணவன் உண்டு, மகன் உண்டு, கன்றின் வால்கூட உண்டு. பக்கத்தில் நிற்கும் மகள், மதுரையின் அரசி, அவள் கை மட்டும் இல்லை. தாயின் ஆசையைக் கேட்டு ஏழு கடலை வரவழைக்கக் காரணமாக இருந்தவள் அவள்தான். முழுக்குப் போடும்போது அவள் கை செல்லாது. சடங்கிலும் வாரிசிலும் தாய்க்கு மகள் கணக்கில் வராதவள் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு சாத்திரம் சொல்லிவிட முடியாது.

சங்க அகப்பாட்டு இவ்வளவு கறாராக இல்லை. அங்கே தாய்க்குக் குரல் உண்டு. தொல்காப்பியம் நற்றாய், செவிலி என்று இரண்டு தாயரைப் பேசவிடுகிறது. ஆனால் எப்போது பேசவிடுகிறது என்று பார்க்க வேண்டும். மகள் ஒருவனோடு புறப்பட்டுப் போன பிறகு. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில், மகளைப் போக்கிவிட்ட தாய் இரங்குவதற்கென்றே பத்துப் பாட்டுகள் தனியாக இருக்கின்றன. அவள் விளையாடிய பந்து, பாவை, அவள் வளர்த்த கிளி, வெறிச்சென்ற முற்றம் என்று அகமரபின் தாய் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து அழுகிறாள். பேச்செல்லாம் மகளைப் பற்றி, மகளோடு இல்லை. கலித்தொகையின் பாலைக்கலியில், மகளைத் தேடிச் சுரத்தில் நடக்கும் செவிலியை அந்தணர்கள் வழிமறித்து ஆறுதல் சொல்கிறார்கள். சந்தனத்தால் அது விளைந்த மலைக்கு என்ன பயன், முத்தால் கடலுக்கு என்ன பயன், இசையால் யாழுக்கு என்ன பயன். உன் மகளும் உனக்கு அப்படித்தான் என்கிறார்கள். அழகான வாதம். அதன் பொருளாதாரம்தான் உறுத்துகிறது: மகள் விளையும் இடம் ஒன்று, பயன்படும் இடம் வேறு. ரோமானியக் கப்பல்களுக்காக மணி கோத்த அரிக்கமேடு அரியாங்குப்பத்து ஆற்றங்கரையிலேயே இருப்பதால், இங்கிருந்து படிக்கும்போது அந்தப் பாட்டு துறைமுகச் சரக்குக் கணக்குப் போலவே ஒலிக்கிறது.

இதே தாய்க் குரலை ஆழ்வார்கள் எடுத்து வேதமாக்கினார்கள். நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் தாய்ப் பாசுரம், மகள் பாசுரம் என்று மாறி மாறிப் பேசுகிறார்கள். ஆசார்ய ஹ்ருதயம் எழுதிய அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் அதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: இறைவனோடு உள்ள உறவை உணர்ந்தது தோழி, வழி அவனே என்று துணிந்து இருப்பது தாய், பலனுக்குப் பதறுவது மகள். மூன்றும் ஒரே உயிரின் மூன்று நிலை. தாய் என்றால் பொறுத்திருப்பவள், மகள் என்றால் பொறுக்காதவள் என்ற இந்தப் பிரிவினை தத்துவமாக இருந்தாலும், எந்தத் தெருவிலும் எந்த வீட்டுத் திண்ணையிலும் கேட்கக்கூடியதுதான்.

பெரியாழ்வார் கதை வேறு. குருபரம்பரைக் கதையில் ஆண்டாளைத் துளசிச் செடியடியில் கண்டெடுத்து வளர்த்தவர் அவர். மகளை மாலவன் கொண்டுபோய்விட்டான் என்று தாயாக நின்று பாடும்போது அவருக்கு வரும் கவலைகளைப் பாருங்கள். கல்யாணத்தை முறையாகச் செய்வார்களா? யசோதை மருமகளைக் கண்டு மகிழ்வாளா? விடியும் முன் எழுந்து, கண்ணுறக்கம் இல்லாமல் தயிர் கடைய என் பெண்ணுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறதா? மாப்பிள்ளை பரம்பொருள். ஆனாலும் மாமியார் வீடு மாமியார் வீடுதான். இந்தக் கடைசிக் கவலை இல்லாத பக்தி எனக்கு அவ்வளவாக நம்பிக்கை தருவதில்லை.

இதுவரை வந்த தாய்கள் எல்லோரையும் ஒன்றாக நிறுத்தினால் ஒரு விஷயம் தெளிகிறது. மகள் தாயை விட்டுப் பிரிவது ஒருபக்கம் இருக்கட்டும். அவள் இருந்த வீடும் தாயுடையது இல்லை, போகும் வீடும் தாயுடையது இல்லை. ஒரு ஆணின் வீட்டிலிருந்து இன்னொரு ஆணின் வீட்டுக்குப் போகிறாள். நடுவில் தாய்க்கு இருப்பது குரல் மட்டும்.

ஆரோக்கிய அன்னை ஆலயத்தில் வாசிக்கப்படும் விவிலியத்தில் இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, ரூத்து. கணவனையும் இரண்டு மகன்களையும் மோவாபில் இழந்த நகோமி, மருமகள்களிடம் அவரவர் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்கிறாள். எபிரேய வேதத்தில் வீடு என்றால் பெரும்பாலும் தந்தை வீடு. தாய் வீடு என்று சொல்வது விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான். ரூத்து போக மறுக்கிறாள். அதன் பிறகு நகோமி அவளைக் கூப்பிடுவதெல்லாம் மகளே என்றுதான். பழைய ஏற்பாட்டில் மிக நெருக்கமான தாய்-மகள் உறவு இரத்தத்தால் வந்தது இல்லை, எந்த வீடும் மிச்சமில்லாத இரண்டு பெண்கள் நடுவழியில் செய்துகொண்டது.

இனி அந்த விசித்திரமான இடம்.

வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் கடல் கடந்து வந்து, 1769இல் புதுச்சேரியில் மேகம் மறைத்து ஏமாந்துபோன வானியலாளர் லெ ஜாந்தி. அவர் வீராம்பட்டினத்து வெளியில், மணலில் பாதி புதைந்து கிடந்த ஒரு கருங்கல் சிலையைப் பார்த்து எழுதியிருக்கிறார். அது பௌத்தருடையது, இப்போது யாரும் கும்பிடுவதில்லை என்று ஊரார் அவரிடம் சொன்னார்கள். அரிக்கமேட்டை அடுத்த காக்காயன்தோப்பிலும் ஒரு புத்தர் உண்டு. ழூவோ துப்ரேய், 1945இல் தோண்டிய வீலர், பிறகு தோண்டிய கசால், விமலா பெக்லி என்று அரிக்கமேட்டுக்கு வந்த அறிஞர்கள் கவனமெல்லாம் ரோமானியப் பானைகள் மேலேயே இருந்தது. நான் இங்கே பிடித்துக்கொள்வது அந்த மணலில் புதைந்தவரை. இதே கரையில், தெற்கே காவிரி கடலில் கலக்கும் இடத்தில் தொடங்கும் ஒரு பௌத்த நூல்தான், தாய்க்கும் மகளுக்கும் நடுவே இருப்பதைத் தமிழில் முதன்முதலாக முழுமையாக எழுதியது.

பௌத்தத்துக்கு இது புதிது இல்லை. பாலி மொழியில் பெண் துறவிகள் பாடிய தேரீகாதையில் உப்பிரி என்றொரு தாய் வருகிறாள். ஜீவா என்ற மகளை இழந்து சுடுகாட்டில் பேர் சொல்லிக் கதறுகிறாள். இந்தச் சுடுகாட்டில் ஜீவா என்ற பேரில் 84,000 பெண்கள் எரிந்திருக்கிறார்கள், நீ யாருக்காக அழுகிறாய் என்ற கேள்வி அவளிடம் வருகிறது. கொடூரமான ஆறுதல்தான். ஆனால் கவனியுங்கள்: ஒரு மதத்தின் மூலநூலில் தாய் மகளுக்காக அழுவது ஞானத்தின் வாசலாக வைக்கப்பட்டிருக்கிறது.

காவிரிக் கரையில் தொடங்கும் அந்த நூல், மணிமேகலை, அதைத் தாண்டிப் போகிறது. அதில் மூன்று தலைமுறைப் பெண்கள்: சித்திராபதி, மாதவி, மணிமேகலை. இவர்கள் கணிகையர் குலம். வீடு தாயுடையது, தொழில் தாயிடமிருந்து மகளுக்கு, பேர், வருமானம், வித்தை எல்லாம் பெண் வழி. மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் சோழன் முன் அரங்கேறி, தலைக்கோலிப் பட்டமும் 1008 கழஞ்சு பெறும் மாலையும் பெற்றதைச் சிலப்பதிகாரம் கணக்கோடு சொல்கிறது. அந்த மாலையை நகர வீதியில் விலை கூறவைத்த வீடு அது. தாய்க்கு மகள் கணக்கில் வராத உலகத்தில், மகள்தான் மொத்தக் கணக்கும் என்றிருந்த ஒரே இல்லம். குலமகளிர் வீட்டில் கிடைக்காத தாய்-மகள் கதை கணிகை வீட்டில் கிடைப்பது தற்செயல் இல்லை. அங்கேதான் அந்த உறவுக்குச் சொத்து மதிப்பு இருந்தது. சண்டையும் அதனால்தான்.

மணிமேகலையின் தந்தை கோவலன் மதுரையில் கொலையுண்ட செய்தி வந்ததும் மாதவி துறக்கிறாள். சிலப்பதிகாரத்தின் நீர்ப்படைக் காதையில் மாடலன் அதைச் சொல்கிறான்: மணிமேகலைக்குக் கணிகைக் கோலம் வேண்டாம் என்று மாதவி தன் தாயிடமே நேராகச் சொல்லிவிட்டாள். மணிமேகலை நூல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. புகாரில் இந்திர விழா. மாதவியும் மகளும் ஆட வரவில்லை. ஊர் பேசுகிறது. சித்திராபதி வயந்தமாலையை அனுப்புகிறாள். ஒரு காலத்தில் மாதவியின் மடலைக் கோவலனிடம் கொண்டுபோன அதே தோழி. அவளிடம் மாதவி சொல்லும் பதிலில்தான் காப்பியத்தின் அச்சு இருக்கிறது. மணிமேகலை கண்ணகியின் மகள். ஆகவே அவள் தவத்துக்குப் போவாளே தவிர இந்தத் தொழிலுக்கு வரமாட்டாள்.

மாதவி பெற்றாள், வளர்த்தாள், பெயர் சூட்டும் விழா எடுத்தாள். பெயர் மட்டும் கோவலன் வீட்டுக் குலதெய்வமான கடல் தெய்வத்தின் பெயர். அத்தனையும் செய்த தாய், இவள் என் மகள் இல்லை என்கிறாள். மகளைக் கைவிடுவதற்காகச் சொன்னது இல்லை அது. சித்திராபதிக்கு எதிராக அவளிடம் இருந்த ஒரே வழக்கு. என் மகள் என்று சொன்னால் அவள் சித்திராபதியின் பேத்தி. பேத்தி என்றால் வீட்டுக்கும் அரங்குக்கும் சொந்தம். கண்ணகியின் மகள் என்றால் அந்தச் சங்கிலி அறுந்தது. தாய்மையை விட்டுக்கொடுத்துத்தான் மகளை மீட்க முடியும் என்ற இந்த முடிவுக்கு நூலாசிரியர் சாத்தனார் வந்த விதம் எனக்கு இன்னும் வியப்பு. உரையாசிரியர்கள் இதைக் கற்பின் பெருமையாகப் படிப்பார்கள். எனக்கு இது ஒரு பெண் தன்னிடம் இருந்த ஒரே சொத்தை மகள் பேரில் இல்லாமல் ஆக்கியதாகப் படுகிறது.

சித்திராபதியை வில்லியாக்கிவிடுவது எளிது. பல மேடைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். நூல் அவளுக்கு நல்ல வாதங்களைக் கொடுத்திருக்கிறது. கணவன் செத்தால் உடன் எரியும் குலமகளிர் இல்லை நாம், பாணன் மாண்டாலும் அவனோடு மாளாத யாழைப் போன்றவர்கள் என்கிறாள். தோற்றால் தனக்கு என்ன நேரும் என்றும் அவளுக்குத் தெரியும். தலையில் செங்கல் சுமந்து அரங்கைச் சுற்றிவந்து, நாடகக் கணிகையர் வீட்டு வாசல் ஏற முடியாதவளாக ஆக வேண்டும். அவளுக்குப் பின்னால் ஒரு தொழிற்குலத்தின் கட்டுப்பாடு நிற்கிறது. பேத்தியைச் சோழ இளவரசன் உதயகுமரனின் தேரில் ஏற்றுவேன் என்று அவள் சபதம் போடுவதில் பேராசை இருக்கிறது, பயமும் இருக்கிறது.

நூலின் நடுவில் ஒரு காட்சி. உதயகுமரன் கொலையுண்டபின் அவன் தாய் அரசமாதேவி மணிமேகலையைச் சிறையில் வைத்து வதைத்துத் தோற்கிறாள். அப்போது அரண்மனைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வருகிறது. சித்திராபதி வந்து, பேத்தியை என் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறாள். மாதவி பௌத்தத் துறவி அறவண அடிகளையும் தோழி சுதமதியையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். பாட்டி வீட்டைக் கேட்கிறாள். தாய் வீட்டைக் கேட்கவில்லை, மகளை வெளியே விடத்தான் கேட்கிறாள். மணிமேகலை இரண்டு பேரோடும் வீட்டுக்குத் திரும்புவதில்லை.

கடைசியில் அவள் வஞ்சிக்குப் போய்க் கண்ணகி படிமத்தின் முன் நிற்கிறாள். மாதவி தந்த தாயை மகள் முதன்முதலாகப் பார்க்கும் இடம். சிலை பேசுகிறது. அணைத்து ஆறுதல் சொல்லவில்லை. கோபத்தில் ஊரை எரித்த வினையை நான் அனுபவித்தாக வேண்டும் என்று தன் கணக்கைச் சொல்லிவிட்டு, நீ போய் எல்லாச் சமயத்தாரின் நூல்களையும் கேள் என்கிறாள். கூடவே ஒரு யோசனை: உன்னை இளம்பெண் என்று பார்த்தால் யாரும் தங்கள் பொருளைச் சொல்லமாட்டார்கள், வேறு உருவம் எடுத்துக்கொள். அதன்படி தவசி வேடத்தில் வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், பூதவாதி என்று வரிசையாகக் கேட்கிறாள். படிக்கப் போகும் மகளுக்கு ஒரு தாய் சொல்லும் புத்தி என்று இதைவிட நடைமுறைக்கு ஒத்த ஒன்றைப் பழந்தமிழில் நான் பார்க்கவில்லை.

அதே வஞ்சிக் கோயிலில் சிலப்பதிகாரம் இன்னொரு தாயைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. கண்ணகியைப் பெற்றவள். தந்தை மாநாய்கன் என்று பேர் உண்டு. தாய்க்குக் காப்பியத்தில் பேரே கிடையாது. மகள் போன துயரில் இறந்தவள், அரட்டன் செட்டி வீட்டில் இரட்டைப் பெண்களில் ஒருத்தியாகப் பிறந்திருக்கிறாள். மற்றவள் கோவலனின் தாய். தெளித்த நீரால் முற்பிறப்பு நினைவு வந்ததும், அந்தச் சிறுமி தெய்வமாக நிற்கும் கண்ணகியைப் பார்த்து, என்னையும் பாராமல் போனாயே என்று அழுகிறாள். சின்னக் குழந்தை தாய். கல்லாக நிற்பவள் மகள். உயிரோடு இருந்தபோது கண்ணகியிடம் அவள் பேசியதாக ஒரு வரி இல்லை. காப்பியம் அந்தப் பேச்சை அடுத்த பிறப்புக்குத் தள்ளிவைத்திருந்தது.

காரைக்கால் நமது ஒன்றியப் பிரதேசத்தின் இன்னொரு துண்டு. அங்கே, பின்னாளில் காரைக்கால் அம்மையாரான புனிதவதியை விட்டு ஓடிய பரமதத்தன் பாண்டிநாட்டில் வேறு பெண்ணை மணந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பேர் வைக்கிறான். முதல் மனைவி எதிரே வந்ததும் இரண்டாம் மனைவியோடும் மகளோடும் காலில் விழுகிறான். மாதவி மகளுக்கு வேறு தாயைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுதான். இங்கே தேர்ந்தெடுத்தவன் தகப்பன். பெற்றவள் என்ன நினைத்தாள் என்று சேக்கிழார் கேட்கவில்லை.

சித்திராபதியும் மாதவியும் காப்பியத்தோடு முடிந்துவிட்டவர்கள் இல்லை. 1936இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் எழுதிய ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவல், தாசி வீட்டுத் தாய் மகள்களுக்குக் கொடுக்கும் தொழில் பாடங்களை உள்ளேயிருந்து எழுதியது. அவரே சிறுவயதில் ஒரு தாசியிடம் ஒப்படைக்கப்பட்டு வளர்ந்தவர். மாதவி செய்ததைத்தான் அவரும் செய்தார், ஆனால் ஒரு மகளுக்காக இல்லை, ஒரு குலத்துக்காக. சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம், புதுச்சேரியில், அப்போது பிரான்சு. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தன் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற குடும்பங்களில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. பக்கத்து வீட்டில் அப்படி இல்லை. ஒரே தெருவில் இரண்டு விதமான மகள்கள் வாழ்ந்த ஊர்கள் இவை. அந்த அனுபவத்தை எழுதிய நாவல் ஒன்று இருந்தால் படிக்க ஆசை.

பாரதிதாசன் இந்தப் பக்கத்துக் கவிஞர், பள்ளி ஆசிரியர். ‘மணிமேகலை வெண்பா’வை 1962இல் எழுதினார். ஆனால் இந்தக் கட்டுரைக்கு அதைவிட முக்கியம் அவருடைய பெண் குழந்தைத் தாலாட்டும், பள்ளிக்கூடம் போகாமல் அழும் சிறுமியைப் பார்த்து உன் அம்மா போகச் சொன்னாளே என்று தேற்றும் பாட்டும். சங்கத்திலிருந்து பெரியாழ்வார் வரை மகள் வாசலைத் தாண்டினால் திரும்பி வருவதில்லை. இந்தச் சிறுமி சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள். தமிழ்க் கவிதையில் இது சின்ன மாற்றம் இல்லை.

உரைநடையில் உறவு சட்டென்று கசக்கிறது. அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையில் சிறுமி, அம்மா ஊரில் இல்லாத நாளில் பெரியவளாகிறாள். வீட்டில் உள்ளவர்கள் சொன்னதெல்லாம் பயமுறுத்துகிறது. அம்மா வந்தால் புரியும்படி சொல்வாள், எல்லாம் சரியாகும் என்று காத்திருக்கிறாள். அம்மா திரும்பி வருகிறாள், சொந்தக்காரப் பெண்ணை நிறம் கறுப்பென்று மாப்பிள்ளை வீட்டார் தட்டிக்கழித்த எரிச்சலோடு. இதற்கு என்ன அவசரம், இன்னொரு பாரம் என்ற தொனியில் ஒரு பேச்சு வருகிறது. தலைப்பில் உள்ள கொலை அதுதான். அந்தத் தாய் கெட்டவள் இல்லை. மகளின் கனவில் அவள் அழகின் உருவம். அவள் வாயில் வந்தது பெண் பார்க்க வந்த கூடத்தின் பேச்சு. ஒரு ஆண் வீட்டின் கணக்கைத் தாய் தன் சொந்தக் குரலில் மகளிடம் சொல்லிவிட்டாள்.

ஜெயகாந்தன் அரியாங்குப்பத்திலிருந்து அதே கடலூர்ச் சாலையில் தெற்கே போனால் வரும் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்தவர். ஒரே தாயை இரண்டு முறை எழுதியவர் என்று அவரைச் சொல்லலாம். 1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’: மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஒருவன் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்கிறாள். தாய் அடிக்கிறாள், அலறுகிறாள். பக்கத்துக் குடித்தனத்தார் என்ன சத்தம் என்று கேட்டதும் ஒரு சமாதானம் சொல்லி மறைக்கிறாள். பிறகு மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் கொட்டுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள். கதை பெரிய சண்டையைக் கிளப்பியது. எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று கேட்டவர்கள் உண்டு.

அந்தக் கேள்விக்கு ஜெயகாந்தன் எழுதிய பதில் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1970இல் புத்தகம், 1972இல் சாகித்திய அகாதெமி விருது. இதில் தாய் கனகம் வாயை மூடவில்லை. மூத்த மகன் கணேசன் தெரிந்துகொள்கிறான். மகள் கங்கை வீட்டைவிட்டு வெளியே போகிறாள். போய்ச் சேர்வது தஞ்சாவூரில் வெங்கு மாமா வீடு. பெரும்பாலான விமரிசனங்கள் இரண்டு தாய்களையும் குணத்தால் பிரித்தன: ஒருத்தி விவேகி, ஒருத்தி கோழை. எனக்கு அது போதவில்லை. கனகம் கைம்பெண். இருப்பது மகன் வீடு. அந்த வீட்டில் அவள் பொறுப்பில் ரகசியம் வைக்க ஒரு அறையும் இல்லை, மகளை நிறுத்திக்கொள்ள அதிகாரமும் இல்லை. மாதவியால் மகளுக்கு வேறு தாயைத் தர முடிந்ததற்குக் காரணம், துறப்பதற்கு அவளிடம் ஒரு வீடு இருந்தது. காஞ்சனமாலைக்கு அரண்மனையே இருந்தும் முழுக ஒரு ஆண் கை வேண்டியிருந்தது. கனகம் இந்த வரிசையில் நிற்பவள்.

கங்கை படித்து, அரசு வேலைக்குப் போய், தனியாக வீடு எடுக்கிறாள். கனகம் மகனிடமிருந்து மகளிடம் வந்து சேர்கிறாள். ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற கதை பத்திரிகையில் வருகிறது. கங்கை கைக்கும் அவள் அம்மா கைக்கும் வருகிறது. தண்ணீர் ஊற்றிய தாயைப் பற்றிக் கனகம் படித்து அழுவது மகள் சம்பளத்தில் வாடகை போகும் வீட்டில். அந்த வீட்டிலும் கணேசன் வந்து போகிறான், வெங்கு மாமா வந்து அதிகாரம் செய்கிறார். கதவைத் திறப்பது யார், மூடுவது யார் என்பதைக் கங்கை அந்த நாவல் முழுவதும் முடிவு செய்ய முயன்றுகொண்டே இருக்கிறாள்.